குக்கர் புத்தகமும் ரயில்வே விதியும்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த வளாகம் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்பது நம் ஊருக்குப் பெருமை. அங்கே போகிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்றே பெரியவர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரியாமல், அந்தப் புரோகிராமையோ கருவியையோ எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதிப் பிழைப்பவர்களும் அங்கே உண்டு. நான் அந்த வகையைச் சேர்ந்தவன். டெக்னிக்கல் ரைட்டர் என்று இந்த வேலைக்குப் பெயர். குக்கர் வாங்கினால் உள்ளே ஒரு சிறு புத்தகம் இருக்குமே, அதைப் போன்ற கையேடுகளைப் பெரிய கருவிகளுக்கு எழுதுவதுதான் எங்கள் தொழில்.

இந்தத் தொழிலில் ஒரு பழைய சிக்கல் உண்டு. ஒரே செய்தி பல கையேடுகளில் வரவேண்டியிருக்கிறது. அதை ஒவ்வொரு கையேட்டிலும் தனித்தனியே எழுதுவதா, அல்லது ஓரிடத்தில் எழுதி எல்லாக் கையேடுகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வதா? கேட்பதற்கு அலுவலக விவகாரம் போலத் தோன்றும். ஆனால் ஒரு நோயாளியின் பாதுகாப்பும், தமிழில் ஒரு கையேடு கிடைக்குமா கிடைக்காதா என்பதும் இதைப் பொறுத்திருக்கின்றன. ஆகவேதான் நம் அன்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்லலாம் என்று எண்ணினேன்.

ஒரு செய்தி, ஏழு புத்தகம்

முதலில் குக்கரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி மூன்று லிட்டர், ஐந்து லிட்டர், ஏழரை லிட்டர் என்று மூன்று அளவில் குக்கர் செய்கிறது என்று வையுங்கள். எவ்வளவு அரிசி போடலாம், எவ்வளவு தண்ணீர் விடலாம் என்பது அளவுக்கு அளவு மாறும். ஆனால் வெயிட்டைப் போடுமுன் ஆவி போகும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பதும் மூன்றுக்கும் பொது. புத்தகம் எழுதுகிறவர் என்ன செய்வார்? முதல் குக்கருக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்து, அளவுகளை மட்டும் மாற்றி, இரண்டாவது, மூன்றாவது புத்தகங்களைத் தயாரிப்பார். வேலை விரைவில் முடிந்துவிடும். அன்றைக்கு யாருக்கும் ஒரு குறையும் இராது.

குறை பிறகு வரும். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம், மருத்துவமனைகளில் பயன்படும் ஒரு கருவிக்குப் பல மாடல்களில் கையேடுகள் தயாரித்து வந்தது. நான் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நகல் எடுத்து நகல் எடுத்து ஏழு புத்தகங்கள் உருவாகியிருந்தன. கருவியின் பின்மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று எல்லாவற்றிலும் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே துண்டித்தபின் ஐந்து நிமிடம் காத்திருந்து திறக்கவும் என்று பொறியாளர்கள் திருத்தம் கொடுத்தார்கள். ஐந்து புத்தகங்களில் திருத்தம் ஏறியது. இரண்டில் ஏறவில்லை. அந்த இரண்டில் வாசகம் சற்று வேறு மாதிரி இருந்ததால், தேடியபோது அகப்படவில்லை.

பழுதுபார்க்கப் போன ஒரு டெக்னீஷியன் கையில் இரண்டு மாடல்களின் புத்தகமும் இருந்தது. ஒன்றில் ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. மற்றதில் உடனே திறக்கலாம் என்பது போல இருக்கிறது. எதை நம்புவது என்று அவர் தொலைபேசியில் கேட்டார். கேட்டதால் நல்லதாகப் போயிற்று. கேட்காமல் கை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? அதன் பிறகு அந்த ஏழு புத்தகங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எது பொது, எது தனி என்று பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதத்தில்தான் இந்தத் தொழிலின் அடிப்படை எனக்குப் பிடிபட்டது எனலாம். பொதுவான செய்தி ஒன்று எத்தனை இடத்தில் தேவைப்பட்டாலும், அது எழுதப்படுகிற இடம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ரயில்வேக்காரர்கள் கண்ட வழி

இந்த எண்ணம் கம்ப்யூட்டரோடு பிறந்தது என்று நினைக்க வேண்டாம். நம் சங்கத்துப் பெரியவர்களில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கு இது புதிதாக இராது. 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் உருவான திருவனந்தபுரம் கோட்டம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. நாகர்கோவிலும் கன்னியாகுமரியும்கூட இந்தக் கோட்டத்தில்தான் இருக்கின்றன. ரயிலை ஓட்டுகிறவருக்கும், நிலைய அதிகாரிக்கும், பாயிண்ட்ஸ்மேனுக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. ஜி அண்ட் எஸ்.ஆர். என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்.

அந்தப் பெயரிலேயே இரண்டு அடுக்கு இருக்கிறது. ‘ஜி’ என்பது பொது விதிகள். இவை இந்திய ரயில்வே முழுமைக்கும் ஒன்றே. இப்போதுள்ள தொகுப்பு 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ‘எஸ்’ என்பது துணை விதிகள். இவற்றை ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் தன் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் பொது விதி முதலில் வரும். அதை ஒட்டி அந்த மண்டலத்தின் துணை விதி வரும். துணை விதி எதுவும் பொது விதிக்கு முரணாக இருக்கக் கூடாது என்பதைப் பொது விதிகளே சொல்லிவிடுகின்றன. இதற்கும் கீழே மூன்றாவது அடுக்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் நிலையப் பணி விதிகள் உண்டு. எத்தனை லைன், எந்த சிக்னல், பக்கத்தில் எந்த லெவல் கிராசிங் என்பவை நிலையத்துக்கு நிலையம் மாறும் அல்லவா?

இதில் என்ன நயம் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு சிக்னல் கண்டால் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நிலையமும் தன் வாசகத்தில் எழுதிக்கொள்ளவில்லை. அது மேலே ஓரிடத்தில் இருக்கிறது. கீழே உள்ளவர்கள் தங்களுக்கு மட்டுமே உரியதைச் சேர்க்கிறார்கள். பொதுவும் தனியும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நிற்கின்றன. நாங்கள் ஏழு புத்தகங்களோடு மூன்று மாதம் போராடிப் பிரித்ததை இவர்கள் முதலிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள் அந்தப் பொது விதிகளில் உண்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் முழுப் புத்தகமும் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பணிக்கு உரிய பகுதியை மட்டும் கொடுக்கலாம். அந்தப் பகுதியின் மொழிபெயர்ப்பை உள்ளூர் மொழியிலும் கொடுக்கலாம். ஒரு பெரிய தொகுப்பிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டியவருக்கு, அவருக்குப் புரியும் மொழியில் கொடுப்பது என்பது இன்று எங்கள் தொழில் கம்ப்யூட்டரை வைத்துச் செய்யப் பார்க்கிற அதே காரியம்.

ஆனால் காகிதப் புத்தகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. விதி மாறும்போது கரெக்‌ஷன் ஸ்லிப் வரும். புத்தகம் பெற்ற ஒவ்வொருவரும் திருத்தங்களை அதில் ஏற்றி வைத்திருக்க வேண்டும், மேலதிகாரி கேட்டால் காட்ட வேண்டும், தனக்குக் கீழே பணிபுரிகிறவர்களுக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்று பொது விதிகளே கடமை விதிக்கின்றன. எழுதிய இடம் ஒன்றுதான். ஆனால் பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதியிலும் ஒரு கை பசை தடவி ஒட்டியாக வேண்டும். அந்தக் கையின் வேலையைத்தான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் என்பவரும் அவருடைய தோழர்கள் இருவரும், சட்ட ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் கையாள ஒரு வழி கண்டார்கள். கோல்ட்ஃபார்ப் ஒரு வழக்கறிஞர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எழுத்து பெரியதா சிறியதா, தடிமனா சாய்வா என்று குறிப்பதை விட்டுவிட்டு, இது தலைப்பு, இது பத்தி, இது எச்சரிக்கை என்று அதன் தன்மையைக் குறிப்பதுதான் அந்த வழி. அது வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற பெயரில் உலகத் தரமாயிற்று. அதை எளிமையாக்கி 1998-இல் எக்ஸ்.எம்.எல். வந்தது. ஒரு வாக்கியம் எச்சரிக்கை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டால், அதைத் தனியே எடுத்து வேறொரு புத்தகத்தில் வைப்பதும் அதனால் முடியும்.

இந்த அடிப்படையில், கையேடு எழுதுவதற்கென்றே ஐ.பி.எம். நிறுவனத்தில் டிட்டா என்றொரு முறை உருவாயிற்று. 2001-இல் வெளியே அறிவிக்கப்பட்டு, 2004-இல் ஓயாசிஸ் என்னும் பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டு, 2005-இல் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரமாயிற்று. இதைத் தவிர வேறு முறைகளும் உண்டு. அவற்றுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான் என்பதால், டிட்டாவை மட்டும் குக்கரை வைத்தே சொல்கிறேன்.

முதல் படி, புத்தகமாக எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிறு சிறு பகுதிகளாக எழுதுவது. ஒரு பகுதி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அது மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ‘குக்கர் எப்படி வேலை செய்கிறது’ என்பது விளக்கம். ‘கேஸ்கெட்டை எப்படி மாற்றுவது’ என்பது செய்முறை. ‘எந்தப் பருப்புக்கு எத்தனை தண்ணீர்’ என்பது பார்த்துக்கொள்ள வேண்டிய அட்டவணை. மூன்றையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதினால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாவது படி, பொருளடக்கம் போன்ற ஒரு பட்டியல். ஐந்து லிட்டர் குக்கர் புத்தகம் என்பது உண்மையில் ஒரு பட்டியல்தான். முதலில் விளக்கப் பகுதி, பிறகு கேஸ்கெட் பகுதி, பிறகு ஐந்து லிட்டர் அட்டவணை என்று அது வரிசை சொல்லும். ஏழரை லிட்டருக்கு வேறொரு பட்டியல். அதில் கடைசி வரி மட்டும் மாறும். கேஸ்கெட் பகுதியை இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுக்கின்றன. அங்கே ஒரு சொல்லைத் திருத்தினால், அடுத்தமுறை புத்தகம் தயாராகும்போது எல்லாவற்றிலும் அது மாறிவிடும்.

மூன்றாவது படி, ஒரு முழுப் பகுதியையும் எடுக்காமல் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. ‘ஆவி அடங்கிய பிறகே திறக்கவும்’ என்ற எச்சரிக்கை பத்துச் செய்முறைகளில் வரவேண்டும் என்றால், அதை ஓரிடத்தில் வைத்து மற்ற இடங்களில் அதன் முகவரியை மட்டும் எழுதுவோம். கம்ப்யூட்டர் அந்த முகவரிக்குப் போய் வாக்கியத்தைக் கொண்டுவந்து வைத்துவிடும். மருத்துவமனைக் கருவியின் அந்த ‘ஐந்து நிமிடம்’ இப்படி இருந்திருந்தால், இரண்டு புத்தகங்கள் தப்பியிருக்க வழியே இல்லை.

நான்காவது படி, இன்னாருக்கு என்று அடையாளம் இடுவது. இது நர்சுக்கு, இது பழுதுபார்ப்பவருக்கு என்று குறித்து வைத்தால், ஒரே மூலத்திலிருந்து நர்சுக்கு ஒரு சிறு புத்தகமும் டெக்னீஷியனுக்கு ஒரு பெரிய புத்தகமும் வரும். ரயில்வே விதியில் ‘அவருடைய பணிக்கு உரிய பகுதி’ என்று பார்த்தோமே, அதுதான் இது.

தமிழுக்கு இதனால் என்ன லாபம்?

நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்கு இந்தப் பகுதியே முக்கியமானது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கருவிக்கு ஆறு மாடல், மாடலுக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு 100 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 பக்கம் எல்லாவற்றுக்கும் பொது. தனித்தனியே மொழிபெயர்த்தால் 600 பக்கம் மொழிபெயர்க்க வேண்டும். பொதுப் பகுதியை ஒருமுறை மட்டும் மொழிபெயர்த்தால் 70 பக்கமும், தனிப் பகுதிகள் ஆறு முப்பது 180 பக்கமும் சேர்த்து 250 பக்கம் போதும். செலவு பாதிக்கும் கீழே போகிறது. பிறகு ஒரு வரி மாறினால் அந்த ஒரு வரியை மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் போதும்.

பெரிய மொழிக்கு 600 பக்கம் என்றாலும் கம்பெனிக்காரர் செலவழிப்பார். தமிழுக்கும் மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் என்றால் யோசிப்பார். ஆங்கிலத்தில் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிடுவார். 250 பக்கம் என்று கணக்குக் காட்டினால் அவர் மனம் மாற வாய்ப்புண்டு. பொதுச் செய்தியை ஓரிடத்தில் வைக்கும் ஒழுங்கு, சிறிய மொழிகளுக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது என்பதே நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது.

கேரளத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் நம் பிள்ளைகளின் பையில் இருக்கிறது. கேரள அரசின் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மையினருக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது; மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட 1956-ஆம் ஆண்டில்தான் அந்தப் பிரிவும் சேர்க்கப்பட்டது. சாலைக் கடைத்தெருப் பக்கம் உள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் குழந்தையும், மலையாளப் பள்ளியில் படிக்கும் குழந்தையும் அறிவியலில் ஒரே பாடத்தைப் படிக்கின்றன. படம் ஒன்றே, கணக்கு ஒன்றே, சோதனை ஒன்றே. மொழி மட்டும் வேறு. மூலத்தில் ஒரு வரி மாறினால் அது தமிழ்ப் புத்தகத்துக்கும் வந்து சேர வேண்டும். வரவில்லையென்றால், அந்தக் குழந்தை பழைய பாடத்தைப் படித்துவிட்டுப் புதிய பாடத்துக்கான பரீட்சையை எழுத வேண்டியிருக்கும். எது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் இதைத் தவிர்க்க முடியும்.

விக்கிப்பீடியாவிலும் இதைக் காணலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வார்ப்புரு’ என்று ஒன்று உண்டு. ஓரிடத்தில் எழுதி வைத்ததைப் பல கட்டுரைகள் எடுத்துக் காட்டுவதற்கு உதவுவது அது. இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. முன்பு ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், அதே பொருளைப் பற்றி வேறு எந்தெந்த மொழியில் கட்டுரை இருக்கிறது என்ற பட்டியலைத் தனித்தனியே வைத்திருந்தார்கள். திருவனந்தபுரம் பற்றி 50 மொழிகளில் கட்டுரை இருந்தால், 50 கட்டுரையிலும் 49 வரிப் பட்டியல் இருக்கும். புதிதாக ஒரு மொழி சேர்ந்தால் 50 இடத்தில் திருத்தம்! 2012-இல் விக்கித்தரவு என்ற பொதுக் களஞ்சியம் தொடங்கப்பட்டு, 2013-இலிருந்து அந்தப் பட்டியல்கள் அங்கே ஓரிடத்துக்குப் போயின. இப்போது ஒருவர் ஒருமுறை சேர்த்தால் எல்லா மொழிகளுக்கும் தெரிந்துவிடும். தமிழ் போன்ற மொழிகளில் உழைக்கும் சில தன்னார்வலர்களுக்கு இது எவ்வளவு பெரிய பளு குறைவு என்று சொல்ல வேண்டியதில்லை.

வேற்றுமை உருபு செய்யும் வேலை

ஆங்கிலத்துக்கென்று வகுத்த முறையைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் இடறும் இடங்களும் உண்டு. பொதுப் பகுதியில் கருவியின் பெயர் வருமிடத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, புத்தகத்துக்குப் புத்தகம் பெயரை நிரப்பிக்கொள்வது வழக்கம். ஆங்கிலத்தில் பெயர் மாறாது. முன்னும் பின்னும் வரும் சொற்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தமிழில் பெயரோடு உருபு ஒட்ட வேண்டும். பம்பு என்பது பம்பை என்றாகும். மானிட்டர் மானிட்டரை என்றாகும். இயந்திரமோ இயந்திரத்தை என்றாகும். கம்ப்யூட்டருக்குப் புணர்ச்சி விதி தெரியாது. ‘இயந்திரம்ஐ அணைக்கவும்’ என்று எழுதி வைக்கும். கைபேசியில் இப்படிப்பட்ட தமிழைப் பார்த்து நீங்களும் சிரித்திருக்கலாம். மலையாளத்துக்கும் இதே தலைவலி உண்டு. அங்கேயும் யந்த்ரம் என்பது யந்த்ரத்தில் என்று மாறியாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெயரைத் தலைப்பில் மட்டும் வைத்துவிட்டு, உள்ளே ‘இக்கருவியை அணைக்கவும்’ என்று பொதுச் சொல்லால் எழுதுவது ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் இயந்திரத்தை, இயந்திரத்தில், இயந்திரத்துக்கு என்று உருபேற்ற வடிவங்களையும் சேர்த்தே களஞ்சியத்தில் வைப்பது மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அழகு.

வாக்கியத்தைப் பாதியாக வெட்டிப் பகிர்வதும் தமிழில் ஆகாது. ஆங்கிலத்தில் வினை முன்னே வரும். தமிழில் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் முன்பாதியாக இருப்பது தமிழில் நடுவில் போய் உட்காரும். ஆகவே பகிர்ந்தால் முழு வாக்கியமாகவே பகிர வேண்டும். இந்த நுணுக்கங்களை மூலத்தை எழுதும்போதே சொல்ல ஒரு தமிழறிந்தவர் அந்த அறையில் இருந்தால், பிறகு மொழிபெயர்ப்பாளர் படும் பாடு பெரும்பாலும் குறைந்துவிடும்.

மாவு புளித்தால்?

எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடலாம் என்று கிளம்புவதும் ஆபத்து. ஒரே மாவில் இட்டிலி, தோசை, ஊத்தப்பம் எல்லாம் செய்யலாம். மாவு புளித்துப்போனால் மூன்றும் புளிக்கும். ஓரிடத்தில் எழுதியது சரியென்றால் எங்கும் சரி, தவறென்றால் எங்கும் தவறு. ஆகவே அனுபவத்தில் கண்ட சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பொதுப் பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் ஒரு வரியை மாற்றுமுன், அதை எந்தெந்தப் புத்தகங்கள் பயன்படுத்துகின்றன என்று பார்த்து, அவற்றுக்கு உரியவர்களைக் கேட்க வேண்டும்.

பழைய கருவியின் புத்தகம் பழையபடியே இருக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. 2015-இல் விற்ற கருவியில் இல்லாத ஒரு பொத்தானைப் பற்றி, 2024-ஆம் ஆண்டுக் கருவிக்காக எழுதிய வாக்கியம் பழைய புத்தகத்தில் போய் நுழைந்துவிடக் கூடாது. ஆகவே எந்தப் பதிப்பு எந்தப் பகுதியின் எந்த நிலையை எடுத்தது என்று நிறுத்தி வைக்கும் ஏற்பாடு வேண்டும்.

இன்று தற்செயலாக ஒன்றுபோல இருப்பதைப் பொது என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டு கருவிகளையும் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும் என்று இருக்கலாம். ஒன்றுக்குக் காரணம் தூசி; மற்றதற்குக் காரணம் கிருமி. நாளை ஒன்று மாறும், மற்றது மாறாது. காரணமும் ஒன்றாக இருந்தால்தான் வாசகத்தை ஒன்றாக்க வேண்டும்.

கடைசியாக, ஊர் ஊராகப் போகும் பகுதி தன் காலிலேயே நிற்க வேண்டும். ‘மேலே கூறியபடி’, ‘அடுத்த பக்கத்தில் காண்க’ என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது. அது போய்ச் சேரும் புத்தகத்தில் மேலே என்ன இருக்குமோ, யார் கண்டது?

நாம் செய்யக்கூடியது

இவ்வளவும் கம்பெனிகளுக்குத்தானே என்று கேட்கலாம். எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் படிவம், விதிமுறைப் புத்தகம், ஆண்டறிக்கை, பொங்கல் விழா அழைப்பு என்று பல தாள்கள் இருக்கும். சந்தா தொகையும் அலுவலக நேரமும் தொலைபேசி எண்ணும் இவை அனைத்திலும் வரும். ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால், பழைய தொகையோடு வந்து நிற்கும் உறுப்பினருக்குச் சங்கடம். மாறக்கூடிய செய்திகளை ஒரே தாளில் எழுதி வைத்து, எந்த அச்சு வேலைக்கும் அங்கிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். இதற்குக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வீட்டிலும் அப்படித்தான். வயதான பெற்றோருக்கு என்ன மருந்து, எந்த வேளை என்பதை குளிர்பெட்டிக் கதவில் ஒன்று, டைரியில் ஒன்று, வெளியூரில் இருக்கும் மகளின் கைபேசியில் ஒன்று என்று எழுதி வைக்கிறோம். டாக்டர் அளவை மாற்றிய அன்று மூன்றும் மாறுகின்றனவா? ஒன்றை மட்டும் மூலமாக வைத்து, அதில் தேதி போட்டு, மற்றவர்கள் அதைக் கேட்டோ பார்த்தோ நடப்பது நல்லது.

கடைசியாக நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் துறை என்றால் கணக்கும் புரோகிராமும் மட்டுமே என்று எண்ணித் தமிழையும் மொழிப் பாடத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். எது பொது, எது தனி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கும், ஒரு வாக்கியத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கும் அங்கே இடம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே கைவந்த கலை. ஒரு கருவியின் கையேடு நல்ல தமிழில் வரவேண்டும் என்றால், அதற்கான மூலத்தை எழுதும் மேசையிலேயே அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாள் வர வேண்டும் என்பது என் ஆசை.